டேப்பு அம்மாவும் என் திக்கலும்

"லாபம்" என்று கூவித்தான் தொடங்குவேன். உப்பு ஏற்றுகிற இடத்தில் 'ஒன்று' என்று யாரும் சொல்வதில்லை. முதல் கூடை லாபம். அப்புறம்தான் இரண்டு, மூன்று. வரப்பு ஓரமாக நிற்கும் லாரிக்குப் பலகை சாய்த்திருப்பார்கள். பெண்கள் தலைக்கூடையோடு அதில் ஏறி, உப்பைக் கொட்டிவிட்டு இறங்கி வருவார்கள். ஒவ்வொரு கூடை விழும்போதும் நான் ராகம் போட்டுக் கூவ வேண்டும். "லாபமே லாபம்... ரெண்டே ரெண்டு... மூணே மூணு..." என் குரலுக்குத்தான் அவர்கள் கால் எடுத்து வைப்பார்கள். நான் வேகம் பிடித்தால் அவர்களும் வேகம். நான் இழுத்தால் அவர்களும் இழுப்பார்கள். மரக்காணம் உப்பளத்தில் அத்தனை பெரிய வெட்டவெளியில், அந்தக் கடல்காற்றில், என் குரல் கடைசிப் பாத்தி வரை போகும். ஒரு கூடைக்கும் நாக்கு நின்றது கிடையாது. லாரி போன பிறகு, பக்கத்தில் இருக்கிறவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கச் சொன்னால் என்னால் முடியாது.

நான் திக்குகிறவன். இன்றைக்கும் அப்படித்தான். 'க' வந்தால் தொண்டையில் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். 'ப' வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். என் பெயரே 'க'வில் தொடங்குகிறது. அதை வைத்தவர்கள் மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. ஐந்தாவது வரை பள்ளிக்கூடம் போனேன். ஆஜர் எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" வராது. எதிரிலேயே நின்றுகொண்டு, வராதவன் என்று பெயர் வாங்குவேன். அம்மா நாக்கில் வசம்பு தேய்த்தாள். யாரோ சொன்னார்கள் என்று கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு பேசச் சொன்னாள். கல் விழுந்ததுதான் மிச்சம். ஊரில் எல்லோரும் நல்லவர்கள்தான். நான் ஒரு சொல்லில் நின்றுவிட்டால் அவர்களே முடித்துக் கொடுத்துவிடுவார்கள். தப்பான சொல்லைக் கொடுத்தாலும் தலையாட்டிவிடுவேன். கடலை வாங்கப் போய்க் கடுகு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அப்படியே பேச்சைக் குறைத்துக்கொண்டேன். குறைத்துக்கொண்டது பழக்கமாகிவிட்டது.

எனக்குப் பெண் தேடியவர் என் தாய்மாமா. கிளியனூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். பெண் பார்க்கப் போன அன்று நான் வாய் திறக்கவில்லை. மாமாதான் எல்லாம் பேசினார். "பையன் அதிகம் பேச மாட்டான், அடக்கம்" என்றார். அடுத்து, பெண்ணின் அப்பா நான் வேலை செய்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மாமா லாரி ஏற்றுகிற நாளாகப் பார்த்து அவரை உப்பளத்துக்கு அழைத்து வந்தார். அவர் வரப்பில் துண்டைப் போட்டு உட்கார்ந்து, கடைசிக் கூடை விழும் வரை கேட்டார். "இன்னா குரல்யா, மைக்கு வெச்ச மாதிரி!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். கூவல் முடிந்ததும், நான் கீழே இறங்கி வருவதற்குள் மாமா அவரை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பலகை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பங்குனியில் கல்யாணம் ஆனது.

மறுவீட்டு விருந்தில் சாயம் வெளுத்துவிட்டது. மாமனார் தன் கையாலேயே எனக்குப் பரிமாறினார். "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமா மாப்ள?" என்று கேட்டார். போதும் என்று சொல்லப் போனேன். 'போ' வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது, கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, கண் இறுக மூடிக்கொண்டது. அவர் கரண்டியைச் சாய்த்தபடியே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். குழம்பு இலையில் விழுந்து, இலை தாண்டி, என் புது வேட்டியில் வழிந்தது. அப்போதுதான் "தும்" என்று பாதி வந்தது. என் மனைவி கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேட்டியை நான் மறுபடி கட்டவே இல்லை.

அன்றிலிருந்து அவளிடம் வாயே திறக்கவில்லை. அம்மாவிடம் திக்குவேன். உப்பளத்துக்காரர்களிடம் திக்குவேன். அவளிடம் மட்டும் திக்கக்கூட முடியவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டுவேன். சோறு போதுமென்றால் கையை மறிப்பேன். அவள் ஏதாவது கேட்டால் ஆமாம் என்றும் இல்லை என்றும் தலை ஆடும். ஏமாற்றிக் கட்டிக்கொண்டு வந்த பெண் முன்னால் இன்னொரு தரம் வாயைக் கோணிக்கொண்டு நிற்க எனக்குத் துணிவு இல்லை. முதலில் அவள் பேசிப் பார்த்தாள். பிறகு அவளும் குறைத்துக்கொண்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஆடி வந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவது வழக்கம்தான். போன கொஞ்ச நாளிலேயே கிளியனூரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். "ஆவணி பொறந்ததும் மாப்ளதான் வரணும். மாமன் வந்து பேசறதெல்லாம் வாணாம். அவரே வாயத் தொறந்து, எம்பொண்டாட்டிய அனுப்புங்கன்னு கேக்கணும். கேட்டா அனுப்புறோம். இல்லன்னா பொண்ணு இங்கியே இருக்கட்டும்." மாமா துள்ளினார். "இன்னாடா இது, வேணும்னே அசிங்கப்படுத்துறாங்களா?" என்றார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவர்கள் கேட்டதில் தப்பு தெரியவில்லை. ஒரு ஆண்பிள்ளை தன் மனைவியை அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த ஆடியில்தான் டேப்பு அம்மா வந்தார். பெயர் உண்டு. நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முப்பது வயது இருக்கும். நூல்புடவை, மூக்குக் கண்ணாடி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உப்பு வரப்பில் வழுக்கி வழுக்கி நடந்து வந்தார். அவர் தூரத்தில் வரும்போதே ஆண்கள் பாதிப் பேர் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டுக் கருவேலங்காட்டுப் பக்கம் ஓடிவிட்டார்கள். அந்த நாளில் படித்த அம்மா யார் வந்தாலும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்தவர் என்றுதான் நினைப்பு. "டேய், ஒளிஞ்சிக்க, வந்துட்டாங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். அவர் மிச்சமிருந்த பெண்களிடம், "பயப்படாதீங்க, நான் அதுக்கு வரல. இங்க பேச்சு திக்கறவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் ஓடியிருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

மெட்ராசில் ஒரு காலேஜில் திக்குவாயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர் அவர். ஊர் ஊராகப் போய், திக்குகிறவர்களின் பேச்சை டேப்பில் பிடித்து, எங்கே நிற்கிறது, எதனால் நிற்கிறது, எப்போது நிற்காமல் போகிறது என்று பார்ப்பது அவர் வேலை. மரக்காணத்தில் ஒரு நர்சம்மா வீட்டில் தங்கியிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே மறித்தாள். "எம்புள்ளைக்கு இன்னா கொறச்சல்? லாரி ஏத்தும்போது வந்து கேளு, மூணு ஊருக்குக் கேக்கும்." "கேட்டுட்டுத்தான்மா வர்றேன்" என்றார் அவர். "அதனாலதான் இன்னும் ஆசையா வர்றேன்." அம்மா வழிவிட்டாள். நான் போனதற்குக் காரணம் ஆராய்ச்சி இல்லை. ஆவணிக்குள் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை.

உப்பளத்தில் சாக்கு போட்டு வைக்கிற அறையைக் கேட்டு வாங்கியிருந்தார். ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மேசை மேல் சின்னப் பெட்டி அளவுக்கு டேப் ரெக்கார்டர். இரண்டு சக்கரம், நடுவில் பழுப்பு நாடா. அவர் ஒரு பித்தானை அமுக்கியதும் சக்கரம் சுற்றத் தொடங்கியது. "உப்பு எப்படி வெளையுதுன்னு சொல்லுங்க" என்றார். அது எனக்குத் தெரிந்த விஷயம். தண்ணீர் கட்டுவது, பாத்தி மிதிப்பது, வெயில், வாருவது. 'கடல்' என்று தொடங்கப் போய் நின்றேன். வழக்கமாக அந்த இடத்தில் எதிரே இருப்பவர் "கடத்தண்ணியா?" என்று எடுத்துக் கொடுப்பார். இவர் கொடுக்கவில்லை. "மெதுவா சொல்லு" என்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈரல்குலையே வெளியில் வந்து கிடப்பதுபோல் இருந்தது எனக்கு. இந்த அம்மாவுக்கு மனசில் ஈரமே கிடையாதா என்று நினைத்தேன். அந்தச் சொல்லை நானே சொல்லி முடிக்கும் வரை அவர் விடவில்லை. அப்படி ஒவ்வொரு சொல்லாக, சட்டை நனைய நனைய, உப்பு விளைந்து வாருகிற வரைக்கும் வந்து சேர்ந்தேன்.

"கேட்டுப் பாக்கறீங்களா?" என்றார். என் குரலை நான் அதுவரை வெளியிலிருந்து கேட்டதில்லை. ஆசைதான். தலையாட்டினேன். நாடாவைப் பின்னால் ஓட்டிப் போட்டார். முதலில் சாக்கு அறைக் காற்று கேட்டது. அப்புறம் ஒரு மிருகம் மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு சத்தம். க், க், க். தொண்டையில் ஏதோ அறுபடுகிற மாதிரி. நடுவே மூக்கால் ஒரு இழுப்பு. அது யார் என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் எழுந்துவிட்டேன். எனக்குள் அது சின்னத் தடங்கலாகத்தான் இருந்தது, ஒரு நொடி நின்று போகிற மாதிரி. வெளியில் இருப்பவர்களுக்கு இத்தனை நேரமா? இதைத்தான் அம்மா தினமும் கேட்கிறாளா? இதைத்தான் மாமனார் கரண்டியும் கையுமாக நின்று கேட்டாரா? இதைத்தான் அவள் கதவருகே நின்று கேட்டாளா? வெளியில் வந்து வரப்பில் குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

டேப்பு அம்மா பின்னாலேயே வந்தார். கொஞ்சம் தள்ளி அவரும் உட்கார்ந்துகொண்டார். நான்தான் பேசினேன். ஆவணிக்குள் எனக்குச் சரியாக வேண்டும் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். மனைவி விஷயத்தைச் சொன்னேன். அதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கேட்டுவிட்டு, "எங்கிட்ட மருந்து இல்லீங்க" என்றார். "நான் வைத்தியம் பாக்கறவ இல்ல. இது ஏன் வருதுன்னே இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. அத தெரிஞ்சிக்கத்தான் அலையறேன்." எனக்குக் கோபம் வந்தது. தெரியாதவருக்கு எதற்கு என் வாயைத் திறந்து காட்டினேன்? கோபத்தில் இன்னும் திக்கியது. அவர் அதையும் பொறுமையாகக் கேட்டார்.

ஆனாலும் மறுநாளும் போனேன். வேறு போக்கு இல்லை. அவர் ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஒரு வரிக்குள் நாலு இடத்தில் நின்றேன். "இப்ப நானும் கூடவே வாசிக்கிறேன்" என்றார். இருவரும் சேர்ந்து வாசித்தோம். நம்பினால் நம்புங்கள், தண்ணீர் மடையில் ஓடுவதுபோல் போயிற்று. 'க' போயிற்று, 'ப' போயிற்று. பத்தி முடியும் இடத்தில் அவர் சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டார். நான் ஒரு சொல் தனியாகப் போய், அடுத்த சொல்லில் விழுந்தேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "பாத்தீங்களா? ஒருத்தர் கூட இருந்தா வருது. ராகத்தோட கூவினா வருது. நாக்கில கொறை இருந்தா அப்படி வருமா?" என்றார். அவருக்கு அது பெரிய விஷயம். எனக்கு அது இன்னொரு அவமானம். நாக்கில் குறை என்றால் கூடப் பரவாயில்லை. குறை இல்லாத நாக்கை வைத்துக்கொண்டு பேச முடியாதவன் என்றால் நான் யார்?

ஒரு முறை இருக்கிறது, எல்லோருக்கும் பலிப்பதில்லை, செய்து பார்க்கலாம் என்றார். விரலால் தொடையில் தாளம் தட்ட வேண்டும். ஒரு தட்டுக்குச் சொல்லில் ஒரு துண்டு. லாரி ஏற்றும்போது கூவுகிறோமே, அதே மாதிரி, ஆனால் ராகம் இல்லாமல். செய்து பார்த்தேன். வந்தது. மா-மா. உங்-க. பொண்-ண. கூட்-டி-னு. போ-வ. வந்-தி-ருக்-கேன். சாக்கு அறையில் ஒரு தடங்கலும் இல்லை. பாத்தியில் நின்று சொல்லிப் பார்த்தேன், வந்தது. வீட்டுக் கூரையைப் பார்த்துச் சொன்னேன், வந்தது. ஆடி முழுக்க என் விரல் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, சொறியா?" என்றாள்.

ஆவணி பிறந்ததும் கிளியனூர் போனேன். தனியாகத்தான் போனேன். மாமனார் வீட்டுக் களத்தில் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார்கள். பங்காளிகள், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் இருந்தார்கள். எல்லோரும் கையை நிறுத்தினார்கள். "வாங்க மாப்ள" என்றார் மாமனார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் தாளம் போய்விடும் என்று நின்றேன். தொடையில் தட்டத் தொடங்கினேன். "மா-மா" வந்துவிட்டது. "உங்-க" வந்தது. "பொண்-ண" என்று வரும்போது நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பில் எனக்குத் தெரிந்த ஒரே துணையை வாய் போய்ப் பிடித்துக்கொண்டது. ராகம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் கூவிக் கூவிப் பழகிய ராகம். "பொண்ணையே பொண்ண... கூட்டியே கூட்டினு... போவே போவ..." என்று லாரி ஏற்றுகிற குரலில், ஊருக்கே கேட்கிற மாதிரி, என் மனைவியைக் கேட்டேன்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு மாமனார், "இன்னா மாப்ள, எம்பொண்ண லாரியிலயா ஏத்தினு போவப் போறீங்க?" என்றார். களமே சிரித்தது. அவர் மருமகள், என் மனைவிக்கு அண்ணி, மல்லாட்டை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, "லாபம்னு ஆரம்பிக்கலியே அண்ணா, கணக்கு தப்பிடப் போவுது!" என்றாள். ஒரு கிழவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து முதுகில் தட்டவேண்டியதாயிற்று. கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை. அப்படிக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். என் விரல் மட்டும் நிற்காமல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. அதை இன்னொரு கையால் பிடித்து நிறுத்தினேன். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, கேட்டுட்டாரு. கெளம்பு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

அவள் துணிப்பையோடு வெளியே வந்தாள். அவள் சிரிக்கவில்லை. முகம் கல் மாதிரி இருந்தது. திண்டிவனம் வரை ஒரு பஸ், அங்கிருந்து மரக்காணத்துக்கு ஒரு பஸ். வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஊரார் அவளைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்துவிட்டேன், அதுதான் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். நான் எங்கே கேட்கிறவன்.

டேப்பு அம்மா இருக்கும் பக்கமே அதற்கப்புறம் நான் போகவில்லை. அவர் வரப்பில் வந்தால் நான் அம்பாரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். உப்புக் குவியல் மறைக்கும். அவர் சொல்லிக் கொடுத்த முறை தப்பில்லை. அதைக் கொண்டுபோய் நான் என்ன செய்தேன் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? ஆடியில் நான் அவரிடம் போய் வந்த கதையை அம்மாதான் மருமகளிடம் சொல்லியிருக்கிறாள். மெட்ராசிலிருந்து ஒரு அம்மா வந்தது, பெட்டியில் பேச்சைப் பிடித்தது, ஆடி முழுக்க இவன் அங்கேயே கிடந்தான், எல்லாம் உன்னைக் கேட்டுக் கூட்டிக்கொண்டு வரத்தான் என்று. ஒரு நாள் மத்தியானம் கஞ்சி கொண்டுவந்த என் மனைவி, நான் குடித்து முடிந்ததும், "எழுந்து வாங்க" என்றாள். முன்னால் நடந்தாள். நேரே சாக்கு அறைக்குப் போனாள்.

டேப்பு அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் ஊருக்குப் புறப்படுகிறார். என் மனைவி அவரிடம், "இவரு உங்ககிட்ட பேசறாராமே. எப்படி பேசறாருன்னு நான் கேக்கணும்" என்றாள். டேப்பு அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த நாடாவை அவர் போட்டுவிடுவார் என்று பயந்தேன். அவர் போடவில்லை. "அவர் பேசினது அவரோடது. அவரையே கேளுங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எங்கிட்ட அவர் பேசினதப் பதிவு பண்ணிட்டேன். வீட்டுக்காரம்மாகிட்ட பேசறது மட்டும் இல்ல. நான் வெளியில இருக்கேன். பெட்டி ஓடட்டுமா?" என்று எங்கள் இரண்டு பேரையும் கேட்டார். ஆராய்ச்சிக்காரருக்கு அந்த ஆசை இருக்கத்தானே செய்யும். அவள்தான் "ஓடட்டும்" என்றாள். அவர் பித்தானை அமுக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

சக்கரம் சுற்றியது. அவள்தான் தொடங்கினாள். "வாயத் தொறந்து கேட்டாத்தான் வருவேன்னு சொன்னது எங்கப்பன் இல்ல. நான்." நான் நிமிர்ந்து பார்த்தேன். "நாலு மாசம். ஒரு வார்த்த கெடயாது. கையக் காட்டறது, தலய ஆட்டறது. திக்குவாய்னு தெரிஞ்சப்ப எங்கூட்ல குதிச்சாங்க. நான் குதிக்கல. ஆனா ஒரு நா கொட்டாய்ப் பின்னால நின்னேன். ஆட்டுக்குத் தழ போட்டுட்டு அதுங்கிட்ட பேசினு இருந்தீங்க. ஒரு திக்கல் இல்ல. 'இன்னா மொறைக்கற, நேத்துதான இவ்ளோ தின்ன'ன்னு அவ்ளோ நல்லாப் பேசறீங்க. அப்பதான் எனக்குத் தெரிஞ்சிச்சி. பேச முடியாம இல்ல, எங்கிட்டதான் பேசப் புடிக்கலன்னு."

ஆட்டிடம் எனக்குத் திக்காது. அது காத்திருக்காது, சிரிக்காது, நான் என்ன சொன்னாலும் தழையைத்தான் பார்க்கும். திக்குகிறவர்கள் பலருக்கும் அப்படித்தானாம். டேப்பு அம்மாவைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். இவள் யாரைக் கேட்பாள்? நாலு மாதம் ஒரு பெண் எங்கள் வீட்டில் சமைத்து, பெருக்கி, பாத்தியில் என் பக்கத்தில் உப்பு வாரி, ஒரு வெள்ளாட்டை விடக் குறைந்தவள் என்று தன்னை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். குழம்பு வேட்டியில் வழிந்தபோது கூட எனக்கு உடம்பு அப்படிக் குறுகவில்லை. "அன்னிக்கி களத்துல கேட்டீங்களே" என்றாள். "அது கூட எங்கிட்ட கேக்கல. எங்கப்பங்கிட்ட கேட்டீங்க. அதுவும் உங்க பேச்சே இல்ல, லாரிப் பேச்சு. இப்ப சொல்லுங்க. எங்கிட்ட ஏன் பேசல?"

விரல் தொடைக்குப் போயிற்று. எடுத்துவிட்டேன்.

"வெ" என்று தொடங்கினேன். 'வெ' எனக்கு எப்போதும் வருகிற எழுத்து. அன்று அதுவும் வரவில்லை. கழுத்து இழுத்தது, கண் மூடிக்கொண்டது, டேப்பில் கேட்ட அந்தச் சத்தம் எல்லாம் வந்தது. கண்ணைத் திறந்தபோது அவள் அங்கேயே இருந்தாள். "வெ... வெ... வெக்கமா இருந்திச்சி" என்றேன். "எதுக்கு?" என்றாள். அதற்குப் பதில் நீளமானது. மாமா டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனதிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கினேன். ஒரு சொல்லுக்கு ஒரு மலை. நான் அதுவரை யாரிடமும் அத்தனை பேசியதில்லை. வெளியில் டேப்பு அம்மா வெயிலில் நின்றிருந்தார்.

புருஷனும் பெண்டாட்டியுமாக நாங்கள் முதன்முதலில் பேசியது இன்றைக்கும் ஏதோ ஒரு காலேஜ் பீரோவில் இருக்கும். அல்லது நாடா நைந்து போயிருக்கும். எத்தனை பேர் அதைப் போட்டுக் கேட்டு, நான் நின்ற இடங்களைக் குறித்தார்களோ தெரியாது. இப்போது பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு அறையே இருக்கிறது. கண் காட்டப் போனபோது போர்டைப் பார்த்தேன். வெளியே பெஞ்சில் ஒரு இளைஞன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனிடம் ஏதாவது சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. நானும் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். அந்த வெட்கம் போகிற வெட்கம் இல்லை.

அன்றைக்குச் சாக்கு அறையில் நான் சொல்லிக்கொண்டிருந்த கதை மறுவீட்டு விருந்து வரைக்கும்தான் வந்திருந்தது. நாடா தீர்ந்துவிட்டது. அறுந்த வால் மாதிரி அதன் நுனி டப் டப் என்று அடித்துக்கொண்டு சக்கரம் சுற்றியது. நான் பேச்சை நிறுத்தினேன். எந்தப் பித்தானை அமுக்குவது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. டேப்பு அம்மாவைக் கூப்பிட நான் எழுந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அது சுத்தட்டும்" என்றாள். "நீங்க சொல்லுங்க."